விரிசலுக்குத் தீனி

ஆவணி 5, வியாழன்

காற்றே இல்லை. காலை ஏழு மணிக்கே ஜன்னல் கம்பி சுடுகிறது.

புல்தரையில் இவருடைய கைத்தடி ஒரு சாண் உள்ளே இறங்கிவிட்டது. விரிசலைப் புல் மூடியிருந்ததால் தெரியவில்லை. இவர் எப்படியோ தடுமாறி நின்றுகொண்டார். பிடிக்க ஓடிய நான்தான் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு.

மார்கழியில் பக்கவாதம். வலது கை, வலது கால். தினமும் வெறுங்காலில் புல்லில் நடக்கச் சொன்னார் டாக்டர். அதற்காகவே வீட்டுக்கு முன்னால் கரிசல் மேல் ஒரு டிராக்டர் செம்மண் பரப்பிப் புல் நட்டோம். பங்குனியிலிருந்து தினம் இருபது சுற்று. கோடையில் அடியில் இருக்கிற கரிசல் காய்ந்து வெடித்துத் தன் குணத்தைக் காட்டிவிட்டது.

மகனிடம் ஃபோனில் சொல்லியிருக்கக் கூடாது. புரட்டாசியில் சென்னையிலிருந்து வந்து டைல்ஸ் போட்டுவிடுகிறானாம். இவர் காதில் விழுந்துவிட்டது. டைல்ஸில் நடக்க மாட்டேன், கட்டிலிலேயே கிடக்கிறேன் என்கிறார். சொன்னால் செய்கிற ஆள். அதுதான் பயம்.

புல் வேறு வெளுத்துக் கிடக்கிறது. இவர் தூங்கும்போது இவருடைய பழைய உரக்கடை மூட்டையிலிருந்து இரண்டு கை யூரியா வீசினேன். இவரிடம் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: மாத்திரை (வெள்ளை மட்டும்). கொத்தமல்லி. தேங்காய் எண்ணெய்.

ஆவணி 9, திங்கள்

வெயில் அப்படியே.

புல்லில் திட்டுத் திட்டாகக் கருகல். என் கைவரிசை என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் வீசியது வாசல் பக்கம் மட்டும். முருங்கை வரை எப்படிக் கருகும்? ஒவ்வொரு திட்டும் உள்ளங்கை அகலம். பழக்கமில்லாத இடது கையால் அள்ளிப் போட்டால்தான் அப்படிக் குவியும். கேட்டேன். அதே வியாழக்கிழமை, நான் மாவு அரைக்கப் போன நேரத்தில் போட்டாராம். முப்பது வருடம் உரக்கடை நடத்தி ஊருக்கெல்லாம் அளவு சொன்னவர்! நானும் ஒப்புக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இட்லி தின்றோம்.

வீட்டு வேலைக்கு வருகிற செல்லத்தாய் குத்தவைத்துப் பார்த்தாள். இடைசெவல் பக்கம் சொந்தப் புஞ்சை இருக்கிறது அவளுக்கு. உளுந்து, பருத்தி. முதலில் சிரிப்பு.

"எங்க புஞ்சையில இந்த அருகம்புல்லப் பிடுங்கிப் பிடுங்கியே என் இடுப்பு போச்சு. இங்கன சாகுதேன்னு கெடந்து அழுவுதீங்க."

பிறகு ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி மோந்தாள். வாசமே இல்லையாம், மண் பட்டினியாம். "புல்லுக்குப் போடாதீங்க அக்கா, மண்ணுக்குப் போடுங்க. அது வாயத் தொறந்துதான வச்சிருக்கு."

நான் பள்ளம் என்று பயந்ததை அவள் வாய் என்கிறாள்.

ஆவணி 12, வியாழன்

மேகம் வந்தது. போய்விட்டது.

செல்லத்தாய் முறை: ஆட்டுப் புழுக்கை, காயவைத்துத் தூளாக்கியது. அதோடு மணல். கலந்து விரிசலுக்குள் தள்ள வேண்டும். மழை விழுந்ததும் கரிசல் ஊதி வாயை மூடிக்கொள்ளும், தீனி உள்ளே போய்விடும். வெட்டிய புல்லைக் குப்பையில் போடக் கூடாது, அங்கேயே கிடக்கட்டும். தண்ணீர் சாயங்காலம் மட்டும்.

இவர் சும்மா இருப்பாரா? இலையைப் பார்த்தே பயிருக்கு என்ன குறை என்று சொல்கிறவர். சட்டைப்பையில் இலையை வைத்துக்கொண்டு எட்டயபுரத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். நானே பார்த்திருக்கிறேன். ஈரம் இருக்கும்போது அளவாகப் போட்டால் யூரியா ஒன்றும் செய்யாது, தப்பு நம் இரண்டு பேர் மேல்தான் என்றார். செல்லத்தாய் மறுக்கவில்லை. மழை கண்ட பிறகு பருத்திக்கு அவளும் போடுவாளாம்.

"பட்டினி கெடந்த வயித்துல பலகாரத்தப் போட்டா ஒத்துக்கிடுமா அண்ணாச்சி?"

 ஐந்து மணிக்கு இவர் ஸ்டூலைப் புல்லில் போடச் சொன்னார். வலது கையால் தட்டைத் தாங்கிக்கொண்டு, இடது கையால் விரிசலில் தூளைத் தள்ளினார். ஒரு மணி நேரம். பிசியோ கொடுத்த ரப்பர் பந்தைப் பத்து தடவை அமுக்க மாட்டார்.

பேச்சில் தோற்ற பிறகு இப்படி உட்கார்ந்து வேலை செய்ய எனக்கு வராது.

ஆவணி 21, சனி

கிடை! மழைக்கு முன்னால் எருவுக்காகப் புஞ்சையில் ஆடுகளை அடைத்துப் போடுவதுதான். காம்பவுண்டுச் சுவருக்குள் கிடை போட்ட வீடு இந்தத் தெருவில் எங்களுடையதுதான். செல்லத்தாயின் கொழுந்தன் இருபத்திரண்டு ஆடுகளை ஓட்டி வந்தார். இரண்டு நாள். செம்பருத்தி காலி. பக்கத்து வீட்டு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏதும் விசேஷமா என்று கேட்டாள்.

இவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓர் ஆடு நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது.

"செல்லத்தாயி, அதுவும் யூரியாதான பாத்துக்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மார்கழிக்குப் பிறகு முதல் சிரிப்பு. வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

இந்த வாரம் மூன்று மழை. துணி காயவில்லை.

விரிசல் எல்லாம் மூடிவிட்டது. முருங்கைப் பக்கம் நல்ல பச்சை. வாசல் மூலை (என் யூரியா) இன்னும் மொட்டை. மண்புழு மண் தள்ளியிருக்கிறது.

காலையில் மகன் வந்தான், டைல்ஸ்காரரோடு. அவர் டேப்பை நீட்டும்போது இவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.  மகன் வாசலில் நின்று பார்த்தான். பதினோராவது சுற்றில், தடி இறங்கிய அதே இடத்தில் நின்றார். தடியை ஊன்றி அழுத்தினார். இறங்கவில்லை.

பிறகு குனிந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு நின்றபடி குனிந்ததே இல்லை. ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளினார். இத்தனை வருடமும் இலையையே பார்த்த மனுஷன். மகன் "அப்பா" என்று ஓடினான். நானும் ஓடினேன். செல்லத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அக்கா. அவியளே நிமிந்துருவாவ."

நிமிர்ந்தார். மண்ணை மோந்து பார்த்துவிட்டு மகன் கையில் வைத்தார். மீதி ஒன்பது சுற்றையும் நடந்தார்.