உன் வீட்டுக்கு வராத வெள்ளிக்கிழமை

நேற்று ஆராதனை முடிந்ததும் சபையில் எனக்குச் சால்வை போட்டார்கள். பெண்கள் சங்கத்தின் செயலாளர் பொறுப்பிலிருந்து இறங்குகிறேன் அல்லவா, அதற்கு. போதகர் நாலு வார்த்தை நல்லதாகப் பேசினார். காலனிக்கு முதன்முதலாக வீட்டு ஜெபக் கூட்டத்தைக் கொண்டுபோனவர் இந்த அம்மாதான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கூட்டம் உன் வீட்டில்தான் நடந்தது. அப்போது நீ இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து சால்வையை நாற்காலியில் போட்டேன். இன்னும் மடித்து வைக்க மனசு வரவில்லை.

பார், உன்னை 'நீ' என்றே எழுத ஆரம்பித்துவிட்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் நீ. சபைப் பதிவேட்டை எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நீ என்னை 'அக்கா, வாங்க' என்றாய், நான் உன்னை 'வா, போ' என்றேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, இருபது வருஷம் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். ஒரு நாள்கூட எனக்கு அது உறுத்தவில்லை.

நீ சாயப்பட்டறையில் பட்டு அலசுகிறவள். உன் விரல் நகங்கள் ஒரு வாரம் அரக்காக இருக்கும், மறு வாரம் கிளிப்பச்சையாக இருக்கும். அந்தக் கைகளைக் கூப்பி நீ ஜெபம் பண்ணத் தொடங்கினால் நன்றி சொல்லியே முடிக்கமாட்டாய். குழாயில் தண்ணீர் வந்ததற்கு ஸ்தோத்திரம், வந்தவாசி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். உனக்கு நன்றி சொல்லக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. எனக்கோ, எல்லாம் இருந்தும் குறைதான் முதலில் கண்ணில் படும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு வேலூரில் வயிற்று ஆபரேஷன் நடந்தது. சபையில் எல்லோரும் ஜெபிக்கிறோம் என்றார்கள். நீ மட்டும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்தாய். பதினோரு நாள். ரசம் சோறு கட்டி எடுத்து வருவாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரே டப்பாவில், ஒரே ஸ்பூனில் நாம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அந்தச் சோறு இறங்கியதால்தான் நான் எழுந்து நடமாடினேன். நன்றாகச் சாப்பிட்டேன். ஒரு துளி அருவருப்பு இல்லை. காரணம் இப்போது புரிகிறது. வேலூரில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

ஆரணிக்குத் திரும்பியதும் நான் பழையபடி ஆகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் முறை வைத்து வீடு வீடாகப் போகும். வருஷப் பிறப்பன்று அந்தப் பட்டியலை எழுதி ஆலய வாசலில் ஒட்டுவது என் வேலை. ஒவ்வொரு வருஷமும் நீ வாசலில் நின்று, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படிப்பாய். பிறகு என்னிடம் வருவாய்.

"எங்க வூட்டுக்கு எப்பங்க அக்கா?"

தெரு குறுகல் என்பேன். மழைக்காலம், சாக்கடை நிற்கும் என்பேன். உன் வீட்டில் இத்தனை பேர் உட்கார இடம் இல்லையே என்பேன். நீ தலையாட்டிவிட்டுப் போவாய். ஆறேழு வருஷம் கழித்து, வேறு சாக்கு கிடைக்காமல், ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு உன் பேரை எழுதினேன். அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

ஆகஸ்டில் அந்த வாரம் ரிட்டயர்டு தலைமையாசிரியரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். காலனிக்கெல்லாம் வருவது தங்களுக்குச் சரிப்படாது, மற்றவர்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உனக்கு ஆள் அனுப்பினேன்: போதகருக்கு அவசர வேலை, கோட்டைப் பக்கம் தலைமையாசிரியர் வீட்டிலேயே கூட்டத்தை முடித்துக்கொள்கிறோம். பொய்.

நீ முந்தின நாளே கொண்டைக்கடலை ஊற வைத்துவிட்டாயாம். சாயங்காலம் பெரிய குண்டானை இடுப்பில் வைத்து, மேலே வெள்ளைத் துணி மூடி, அந்த வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். முப்பது பேருக்குச் சுண்டல். இலைத் துண்டில் வைத்து நீயே ஒவ்வொருவருக்கும் கொடுத்தாய். சிலர் வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள். நான் கர்ச்சீப்பில் கொட்டி முடிந்து, பிள்ளைகளுக்கு என்றேன். சாயக் கை, அதனால்தான் என்று எனக்குள் ஒரு சமாதானம். வேலூரில் அதே கைதானே ஊட்டாத குறையாகக் கொடுத்தது!

கடைசி ஜெபத்தை உன்னைச் செய்யச் சொன்னார்கள். "எல்லாருக்கும் என் கையால குடுக்க வெச்சியே ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றாய். முடிச்சு என் மடியில் ஈரமாக இருந்தது.

திரும்பும்போது எங்கள் தெரு முனைவரை என்னோடு நடந்து வந்தாய். பிரியும் இடத்தில் நின்று, என் கையைப் பார்த்தபடி சொன்னாய்.

"அக்கா, கர்ச்சீப்ல எண்ணெ எறங்கினு கீது பாருங்க. போனதும் ஜல்தியா சோப்பு போட்டு தொவச்சிடுங்க. காஞ்சா கறை போவாது."

உன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். வீட்டுக்குள் நுழையுமுன் முடிச்சைக் கொல்லைக் குப்பையில் வீசினேன், கர்ச்சீப்போடு.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நீ வந்தாய். என் பக்கத்திலேயே உட்கார்ந்தாய். எனக்குப் பாட்டு நம்பர் எடுத்துக் கொடுத்தாய். ஆனால் உன் வீட்டுக்கு எப்போது என்று அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. பட்டியல் ஒட்டினால் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விடுவாய். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் கழித்து மஞ்சள் காமாலை உன்னை எட்டே நாளில் கொண்டுபோனது. அடக்கத்துக்கு முன் ஜெபம் செய்யத்தான் முதல்முறையாக உன் வீட்டுக்குள் வந்தேன். தாராளமாக முப்பது பேர் உட்காரலாம். பிறகு புதிதாக வந்த போதகர், காலனி வீடுகள் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டார். அவர் கேட்டதால்தான் எழுதினேன். அதற்குத்தான் நேற்று கைதட்டல்.

ஞாயிறுதோறும் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். சேர்ந்து சொல்வது எனக்குச் சுலபம். அத்தனை குரலில் என் குரல் தனியாகக் கேட்காது. கர்த்தரிடம் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், உன்னிடம் கேட்டதில்லை. உனக்குத் தெரியும் என்று தெரிந்தும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் வாய் திறக்கவில்லை. இப்போது தனியாகச் சொல்கிறேன், அக்கா. அன்று நீங்கள் கொடுத்ததை நான் சாப்பிடவில்லை.