தெல்தெனியப் படகு ஸ்ராட் ஆன கதை

கண்டி,
21.03.1993

அன்புள்ள கமலாசனிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டுமென்று கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். இதைக் கொண்டுவருபவர் என் அறையில் இருக்கும் விவேகானந்தன் மாஸ்ரர். தேத்தண்ணீர் கொடும். சாப்பிடச் சொல்லி மறிக்காதேயும், பிறகு எழும்ப மாட்டார்.

பத்து நாளில் வருகிறேன் என்று வடக்கே அம்மாவைப் பார்க்கப் போனீர். சண்டையில் பாதை அடைபட்டு இரண்டு வருடமாகிறது. வவுனியாவில் உங்களை இந்தப் பக்கம் விடுவதற்கு அரசாங்க அதிகாரி ஒருவர் கையெழுத்து வைத்த பொறுப்புக் கடிதம் வேண்டுமாம். எங்கள் எஞ்சினியர் விஜேகோன் மாத்தயாவிடம் மூன்று மாதமாகக் கெஞ்சினேன். கடைசியில், கொழும்பிலிருந்து அமைச்சின் செயலாளர் தெல்தெனிய நீர்த்தேக்கத்தைப் பார்க்க வருகிறார், அன்றைக்கு உன் பொறுப்பில் இருக்கும் படகு ஒரே அமத்தலில் ஸ்ராட் ஆனால் கையெழுத்து, ஆகாவிட்டால் உனக்கு வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இங்கே என்ன நடக்கும் என்று உமக்குத் தெரியும்தானே. அசையாத எல்லாவற்றுக்கும் பெயின்ற் அடித்தோம். கரையில் கிடந்த கல்லுக்கும் வெள்ளை அடித்தாயிற்று. அதுவரை ஒழுங்காக ஓடிய படகு அடுத்த நாளே கோளாறு பண்ணத் தொடங்கியது. ஸ்ராட் பண்ணும் ஆளியை அமத்தினால் ஸ்ராட்டர் சுற்றுகிறது, ஆனால் உம்முடைய பெரியப்பா கதிரையை விட்டு எழும்புவதுபோல முனகி முனகிச் சுற்றுகிறது. எஞ்சின் எடுக்கவே மாட்டேன் என்கிறது.

பற்றரிதான் பிழை என்றார் மாத்தயா. புதுப் பற்றரி பூட்டினோம், அதே முனகல். இன்னொன்று பூட்டினோம். ஸ்டோர் கீப்பர் ஜவாஹிர், மலைக்குளிருக்கு எண்ணெய் இறுகியிருக்கும் என்று எண்ணெயை மாற்றச் சொன்னார். படகோட்டி கறுப்பையா, பழைய தெல்தெனிய ஊரே தண்ணிக்குள்ள கெடக்குதுங்க, அதுக்கு மேல ஓடணும்னா ஒரு தேங்காயாவது ஒடைக்கணுங்க என்றார். நான் படித்த மெக்கானிக் அல்லவா, சிரித்தேன். ஸ்ராட்டரைக் கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய், உள்ளே கரண்டைக் கடத்தும் கரித்துண்டுகளைப் புதிதாகப் போடுவித்தேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது பறந்தது. படகில் பூட்டினேன், பழையபடி பெரியப்பா.

பிறகு வோல்ற் பார்க்கும் மீற்றரைக் கொண்டுபோனேன். அணைக்கட்டுக் காவலில் நின்ற ஆமிக்காரன் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் கண்டான், என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரையும் கண்டான். இரண்டு மணித்தியாலம் வெயிலில் இருத்திவிட்டான். பயந்துதான் போனேன், கமலா. கடைசியில் அவனுடைய பெரியவன் வந்து மீற்றரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் ரேடியோவைத் திருத்தத் தெரியுமா என்று கேட்டான். திருத்திக் கொடுத்தேன். ரேடியோ பாடியது, படகு பாடவில்லை.

வியாழக்கிழமை நான் ஆளியை அமத்தும்போது கறுப்பையா விழாமலிருக்க எஞ்சினைப் பிடித்தார். ஐயோ, சுடுதுங்க என்று துள்ளினார். அவர் பிடித்தது பற்றரியிலிருந்து வந்து எஞ்சின் உடம்பில் பூட்டியிருக்கும் தடித்த கறுப்பு வயரின் நுனி. நன்றாகப் பூட்டிய வயர் சுடாது. கழற்றிப் பார்த்தால் அடியில் தடிப்பாகப் பச்சைப் பெயின்ற்! கரண்ட் போக வழியில்லை, ஸ்ராட்டர் முனகாமல் என்ன செய்யும்?

அந்தப் பெயின்றை அடித்தது யார் தெரியுமா? நான்தான். வடிவாக இருக்கட்டுமென்று வயரைக் கழற்றி, எஞ்சினுக்கு இரண்டு பூச்சுப் பூசி, காய்ந்தபின் அதற்கு மேலேயே பூட்டியிருக்கிறேன். இரண்டு கிழமையாக ஊரிலுள்ள எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுரண்டி இறுக்கிப் பூட்டினேன். தொட்டவுடன் எடுத்தது. கறுப்பையா பெயின்றைப் பார்த்தார், என் சேட்டில் இருந்த பச்சையைப் பார்த்தார். மறுநாள் காலை ஒரு தேங்காயோடு வந்தார். நானே வாங்கி உடைத்தேன்.

செயலாளர் வந்தார். எஞ்சின் ஒரே அமத்தலில் எடுத்தது. அவர் படகைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கரையிலேயே நின்று தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். என்ன பிழை என்று மாத்தயா கேட்டார். வயர் பூட்டிய இடத்தில் கோளாறு என்றேன். கெட்டிக்காரன் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். உமக்கு மட்டும்தான் உண்மையை எழுதுகிறேன்.

கடிதம் இத்துடன் இருக்கிறது. மூன்று மாதம் செல்லும். இனி நீர் வவுனியாவுக்கு வரக் கிளாலிக் கடலைப் படகில் தாண்ட வேண்டும். அங்கே படகோட்டி கயிறு இழுத்துத்தான் எஞ்சினை எடுப்பானாம். ஏறுமுன் கரையில் நின்று பாரும். இரண்டு தரம், மூன்று தரம் இழுக்கட்டும். அதற்குப் பிறகும் எடுக்காவிட்டால் அந்தப் படகில் ஏறாதேயும். ஏறியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். மற்றவர்கள் ஏசினால் ஏசட்டும், கொடுத்த காசு போனால் போகட்டும். நடுக்கடலில் நின்றுபோய் நேவிக்காரரிடம் அகப்பட்ட படகுகளைப் பற்றி இங்கே கதைக்கிறார்கள், எழுத எனக்குக் கை வரவில்லை.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் நீர் கேட்டதில்லை. இதை மட்டும் கேளும், என் ராசாத்தி. மூன்று மாதம் முடிந்துபோனாலும் பரவாயில்லை, இன்னொரு கடிதத்துக்கு நான் யார் காலிலும் விழுவேன்.

உம்மையும் பிள்ளையையும் பார்த்திருக்கும்,
சி. நவரட்ணராஜா