கடதாசிப்பூவும் கடல் பக்கத்து மதிலும்

மேட்டுத் தெரு,
திருகோணமலை.
12.05.1964

அன்புள்ள அத்தானுக்கு,

மாகிரட் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் சுகம் என்று தீவுக்குச் சாமான் படகோட்டும் அபூதாஹிர் காக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான்கு மாதமாக ஒரு வரி எழுதாத மனிதரிடம் மேற்கொண்டு சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

இந்த வெள்ளிக்கிழமை தீவு வெளிச்சவீட்டில் விளக்கேற்றும் உங்கள் முறை முடிகிறது. மார்ச் மாதத்திலும் முடிந்ததுதான். அப்போது உங்களோடு விளக்குப் பார்க்கும் பற்றிக் வீடு கட்டுகிறார் என்று உங்கள் லீவை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தீவிலேயே இருந்துகொண்டீர்கள். உயிர்த்த ஞாயிறு பூசைக்கும் நான் தனியாகத்தான் போனேன். ஊரெல்லாம் உங்களை நல்ல மனிதர் என்கிறது. பாதர் பிரசங்கத்தில் சொல்லாதது ஒன்றுதான் குறை. நீங்கள் ஏன் வரவில்லை என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். இந்த முறையும் யாராவது வீடு கட்டுகிறார்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வெட்டினது நான்தான். ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து நீங்கள் தீவுக்குப் புறப்படும் நாளில், துறைமுகக் கந்தோருக்குக் கையெழுத்து வைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மரம் அரியும் கைவாளை எடுத்தேன். கலியாணத்துக்கு மறுநாள் நீங்கள் நட்ட தடி. ஆறு வருடமாக ஒரு இலை கிள்ள விடாமல் வளர்த்த கடதாசிப்பூக் கொடி. திரும்பி வந்தபோது முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நின்றது. நீங்கள் ஏசவில்லை. "இனி இந்த வீட்டில பார்க்க என்ன இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்குப் போய்விட்டீர்கள். அதைப் பிறகு நான்தான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

கொடி கூரைக்குள் புகுந்து ஓடுகளைக் கிளப்பியது உங்களுக்கும் தெரியும். மாரி மழை கட்டிலில் விழ, நாங்கள் சட்டி வைத்துப் பிடித்தோம். பூத்த நாலு பூவும் பின்வளவுப் பக்கம், கூரை உச்சியில், காகங்களுக்குக் காட்சி. எங்கள் அப்பா நேவி பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். துரைமார் போகன்வில்லா என்று சொல்லும் கடதாசிப்பூவை ஒட்ட வெட்டவேண்டும், பிறகு வேரைக் காயவிடவேண்டும், அப்போதுதான் பூக்கும் என்று எத்தனை தரம் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு சீவனைத் தாகத்தில் வைப்பது பாவம் என்று நீங்கள் நாள் தவறாமல் மீன் கழுவின தண்ணியை ஊற்றினீர்கள்.

தை முடியும்போது முதல் துளிர் வந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் மான் தின்றுவிட்டுப் போயிருந்தது. கோட்டைப் பக்கத்து மான்களுக்கு எங்கள் வேலி ஒரு வேலியா. வெட்டின பழைய கொப்புகள் முள்ளோடு வளவில் கிடந்தன. அவற்றையே கட்டையைச் சுற்றி அடுக்கினேன். கையெல்லாம் கீறல். மான் அதற்குப் பிறகு வரவில்லை.

மாசியில் கொடி மதமதவென்று வளர்ந்தது. எல்லாம் இலை. அடியில் இரண்டு பூனைகள் எந்நேரமும் படுத்திருந்தன. ஏன் என்று பார்த்துக்கொண்டு நின்றால், அடுத்த வளவு, அபூதாஹிர் காக்கா வீட்டு நபீஸா ராத்தா மீன் கழுவின தண்ணியைச் சட்டியோடு கொண்டுவந்து ஊற்றுகிறா. கேட்டதற்கு, "இக்னேசியஸ் தம்பிதான் எங்கட ஊட்டுக்காரரிட்டச் சொல்லியனுப்பின. நீங்க ஊத்தமாட்டீங்களாமே" என்றா. தீவுக்குப் படகு வரும்போதெல்லாம் கட்டை துளிர்த்ததோ என்று காக்காவிடம் கேட்டீர்களாம். நான் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேனே, அதைப் பற்றி ஏதும் கேட்டாரோ என்று விசாரித்தேன். காக்காவுக்குப் பொய் வராது. தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் அழுதேன். பிறகு, வாசலில் நிற்கும் கட்டையைப் பற்றிக் கேட்டவர் வாசலை மறக்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறோடு அந்தத் தண்ணியை நிறுத்தி, ராத்தாவின் முருங்கைக்கு ஊற்றச் சொன்னேன். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவவுக்குக் கவலை. மூன்று கிழமையில் இலை சுருண்டு உதிரத் தொடங்கியது. ராத்தா வேலிக்கு மேலால் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தா. எனக்கும் பயம்தான். செத்துப்போனால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன். ஒரு நாள் மனம் பொறுக்காமல் வாளியோடு போய், ஊற்றாமல் திரும்பி வந்தேன். ஏப்ரல் கடைசியில் கொப்பு நுனிகள் சிவந்தன. இன்று இலையைத் தேடித்தான் பார்க்கவேண்டும், அவ்வளவு பூ. ராத்தா இப்போது தன் கைராசி என்கிறா. இருக்கட்டும்.

வெட்ட வேண்டிய கொடி என்றாலும், அன்றைக்கு ஏன் வெட்டினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. பாலன் பிறந்த நத்தார் அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள், நினைவிருக்கிறதா. வெளிச்சவீட்டின் மேலே ஏறித் தூரக்கண்ணாடியால் பார்த்தால் மாதா கோயில் தெரியும், இறங்குதுறை தெரியும், மான் மேய்வதுகூடத் தெரியும், "எங்கட வீடு எது எண்டு மட்டும் பிடிபடுதில்லை, எல்லாம் ஒரே ஓடு" என்றீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போய்க் கடல் பக்கத்து மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புதுக் கொப்பு ஒன்றையும் நான் கூரைக்கு விடவில்லை. எல்லாவற்றையும் கடல் பக்கத்து மதிலோடு இழுத்துக் கட்டினேன். ஒரு நாள் நீங்களாகக் கண்டுபிடிக்கவேண்டும் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் நீங்கள் போன பிறகு, எழுதிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னிலும் பிழை உண்டு.

பூ ஒன்றைக் கடிதத்துக்குள் வைக்கச் சொன்னா ராத்தா. வைக்கவில்லை. மேலே ஏறித் தூரக்கண்ணாடியை ஊர்ப் பக்கம் திருப்புங்கள். மாதா கோயிலுக்கு வலக்கைப் பக்கம், மேட்டில், ஒரு மதில் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அதுதான் எங்கள் வீடு. கண்டால் பதில் எழுத வேண்டாம். எழுதுவது உங்களுக்கு ஏலாது என்று எனக்குத் தெரியும். உங்கள் பச்சைச் சாரத்தைத் தோய்த்து, வியாழக்கிழமை ஊர்ப் பக்கக் கம்பியில் காயப் போடுங்கள். காக்கா தன் தூரக்கண்ணாடியை ஒரு நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சாரம் தெரிந்தால் வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கு உலை வைப்பேன். மீன்காரரிடம் கணவாயும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தச் சுழல் படியில் கால் வழுக்காமல் மாதா உங்களைப் பத்திரமாக இறக்கிவிடட்டும். இந்த முறை தேத்தண்ணியை முன்னதாக ஊற்றி வைக்கமாட்டேன். படலை திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் ஊற்றுவேன். நீங்கள் அதைச் சூடாகக் குடிக்கவேண்டும்.

உங்கள்
மாகிரட்