என் சவுண்டு, அவன் கை

ஜூலை 31, வியாழன்

காலையிலிருந்து காற்று. கடை முழுக்க மண். ரிப்பேருக்கு வந்த இன்வெர்ட்டர் இரண்டு முடித்தாயிற்று.

சாயங்காலம் பாண்டி அண்ணாச்சி வீட்டு மாடியில் ஒத்திகை. கச்சேரிக் குழு அவருடையது, பாடுவதும் அவரே. கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரிக்கு கீபோர்டில் எனக்குப் பதில் ஜெபின் உட்காரட்டும் என்றுவிட்டார். ஜெபின், சர்ச்சில் வாசிக்கிறவன். பிழைப்பு புளியங்குடியில் எலுமிச்சைக் கடை. என்னிடம் அண்ணாச்சி சொன்னது: "ஒன் சவுண்டெல்லாம் அச்சு அசல்தாம்ல சங்கரு. கை ஓடலையே."

கை ஓடவில்லையாம். கருப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுக்கு வயலின் கூட்டம். எண்பதுகளுக்குக் கண்ணாடியில் தட்டின மாதிரி மணிச்சத்தம். தொண்ணூறுகளுக்கு அடிவயிற்றில் இறங்கும் பேஸ். இப்போதைய பாட்டுக்கு, டிரம் விழும்போதெல்லாம் அமுங்கி எழும் சவுண்டு. எல்லாம் சிந்தசைசரில் அலைவடிவம் பார்த்துப் பார்த்து நான் செய்தவை. ஜெபினுக்கு ஃபில்டர் என்றால் காபி ஃபில்டர்.

அத்தனையும் பென் டிரைவில் போட்டு அவனிடம் கொடுக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 2, சனி

கடைக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பை எலுமிச்சை. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

கச்சேரிப் பட்டியலில் ஐந்தாம் நம்பர், எண்பதுகளின் டூயட். அந்த மணிச்சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டான். ஒரு அலையை இன்னொரு அலை வேகமாக ஆட்டினால் வரும் என்றேன். தலையாட்டினான். ஒன்றும் புரிந்திருக்காது. பிறகு என் கீபோர்டிலேயே வாசித்தான்.

நன்றாக இருந்தது. என் சவுண்டு எனக்கு ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எரிச்சல்.

பென் டிரைவ் நாளை தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஐந்தாம் நம்பரில் மணியை எடுத்துவிட்டு, அமுங்கி எழும் சவுண்டை வைத்தேன். அழுத்தினால் டங்கென்று விழாது, மெதுவாக வீங்கி வரும். டூயட் ஆரம்பமே கீபோர்டு மட்டும்தான். முன்வரிசையில் கேசட் காலத்து ஆட்கள். ஒரு சத்தம் மாறினாலும் எழுந்து போவார்கள்.

ஜெபின் போட்டுக்கூடப் பார்க்க மாட்டான். நான் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று நம்புகிற ஆள். அதுவும் எரிச்சல்.

கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 6, புதன்

லேசான சாரல். கடை திறக்கவில்லை.

நேற்று கச்சேரி. நான் மிக்சரில். நாலு பாட்டு ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவதுக்குக் கை வைத்தான், சத்தம் வீங்கி வந்தது. கை நின்றது. நேராக என்னைப் பார்த்தான். நான் மிக்சரைப் பார்த்தேன்.

அப்புறம் அவன் செய்தது என் கணக்கில் இல்லை. பொடி ஸ்வரங்களை எல்லாம் விட்டுவிட்டு, மூன்று நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளை மட்டும் நீளமாகப் பிடித்தான். ரிதம் பேடுக்காரர் வேகத்தைப் பாதியாக்கினார். அண்ணாச்சி கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் எடுத்தார். யாரும் எழவில்லை. ராட்டினத்துப் பக்கம் நின்ற பயல்கள் மேடைக்கு முன்னால் வந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "பாட்டு அதேதான் வே. ஆனா இன்னைக்குத்தான் கேக்குத மாதிரி இருக்கு."

மறுபடி பாடச் சொன்னார்கள். ஜெபின் மைக்கை வாங்கினான். "இந்தச் சவுண்டு நான் செஞ்சதில்ல. அந்தா மிக்சர்ல நிக்கான் பாருங்க, சங்கரு, அவன் செஞ்சது."

கூட்டமே திரும்பிக் கை தட்டியது. கையைத் தூக்கிக் காட்டினேன். வேறென்ன செய்ய.

வயர் சுருட்டும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மக்கா, அடுத்த தடவ மாத்துனா முன்னாடியே சொல்லு. பழகிட்டு வாரேன்."

சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எனக்கு விழுந்த முதல் கைதட்டல். அதையும் அவன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.