அய்யா குடித்தவரில்லை

லண்டன்,
11 மார்ச் 1984

அன்புள்ள அண்ணன் ஞானமுத்துவுக்கு,

தங்கை அடைக்கலமேரி எழுதுவது. மன்னவனூரில் உருளைக்கிழங்கு எடுத்தாயிற்றா? இங்கே குளிரில் என் மூக்கு நிற்காமல் ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் அய்யா குடித்தவரில்லை, அண்ணே. கை வெட்டி இழுத்தது, தள்ளாடியது, கடைசியில் பேச்சுக் குழறியது எல்லாம் ஹண்டிங்டன் என்கிற மூளை நோய். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மூளையில் மருந்து போய் ஒட்டும் இடங்களை ஆராய்வதுதான் என் சோலி. ஏற்பிகள் என்போம். அங்கே ஒட்டுகிற மருந்து கைகால் இழுப்பைக் கொஞ்சம் அடக்கும், நோயைத் தீர்க்காது. தீர்க்க வேண்டுமானால் பரம்பரையில் வருகிற வேரைப் பிடிக்க வேண்டும். அதற்கு நோய் வந்தவர், வராதவர் என்று ஒரு வம்சத்தில் எல்லாருடைய இரத்தமும் வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு நம் சனமெல்லாம் மெழுகுவர்த்தியோடு அய்யா கல்லறையில் கூடுமே, அன்று வந்து எடுக்கட்டுமா?

உங்கள்
மேரி

மன்னவனூர்,
8 ஏப்ரல் 1984

அன்புத் தங்கச்சிக்கு,

கிளாவரையிலிருந்து என் மகள் லீலாவைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். நல்ல இடம். இந்த நேரத்தில் நீ ஊசியும் கையுமாகக் கல்லறையில் வந்து நின்றால் சம்பந்தம் நிற்குமா? அய்யாவை ஊர் குடிகாரர் என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும். குடி அவரோடு போயிற்று. நீ சொல்வது பிள்ளைகுட்டிக்கும் வரும். படித்தவள் யோசிக்க வேண்டாமா?

வராதே. கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்து கோணலாக இருக்கும், குளிர்.

அண்ணன்
ஞானமுத்து

லண்டன்,
2 மே 1984

அண்ணே,

ஏப்ரலில் என்ன குளிர்? உங்கள் கையெழுத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்களே! எப்போதிலிருந்து கை இழுக்கிறது? என்னிடமா மறைப்பீர்கள்?

எனக்குக் கோபம்தான். ஒரு மிடறு குடிக்காத மனிதரைக் கோயிலில் நிறுத்தி, இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். மறுநாளும் தள்ளாடினார். பொய்ச் சத்தியம் என்று சொல்லி, திருநாளில் சப்பரம் தூக்கும் ஆட்களிலிருந்து விலக்கினார்கள். அந்தப் பெயரை அவர் தலைமேல் விட்டுவைக்கமாட்டேன். இந்த நோய் எனக்கும் வரலாம். அதற்காக ஒளியவும் மாட்டேன். நீங்கள் வேண்டாமென்றாலும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு வருவேன். ஊசிக்குக் கை நீட்டுகிறவர்கள் நீட்டட்டும்.

மேரி

மன்னவனூர்,
4 அக்டோபர் 1984

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சொல்லச் சொல்ல லீலா எழுதுகிறாள். பேனா என் பேச்சைக் கேட்பதில்லை.

ஊர்த் திருநாளில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கப் போனேன். கால் இடறிவிட்டது. "ஏலே ஞானமுத்து, நீயும் அப்பன் வழிதானா?" என்றான் ஒருத்தன். எனக்கு வந்ததே ஆத்திரம்! "வாயை மோந்து பாருலே! எங்கய்யாவும் குடிக்கல, நானும் குடிக்கல. இது நோவு. எங்க ரத்தத்துல கெடக்கு" என்றேன், அத்தனை பேர் முன்னால். கிளாவரைக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள். மறுநாளே வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்கள். லீலா முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியமில்லை.

நீ வா. முதல் ஊசி எனக்கு. கீழே கையெழுத்து நானே போடுகிறேன். கோணலாகவே இருக்கட்டும்.

ஞானமுத்து

அத்தை, இனி வருவது என் பேச்சு. போனவர்கள் போகட்டும். அப்பாவுக்கு அடுத்த ஊசி எனக்கு. ஆனால் என் இரத்தத்தில் அது இருக்கிறதா என்று, நானாகக் கேட்கிறவரை நீங்கள் சொல்லக் கூடாது. கடைசிவரை கேட்காமலும் இருப்பேன், அது என் இஷ்டம். இதற்குச் சம்மதமென்றால் வாருங்கள்.

லீலா