என் பக்கத்து ஸ்பீக்கர்

மெக்கானிக் துரை இக்னேஷியஸ் அவர்களுக்கு,

மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. நான் ராயப்பேட்டைக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு அல்ல.

நம் பழைய பிக்கப் வண்டியில் புது ரேடியோவை நீங்களே மாட்டியது பெருமைதான். ஆனால் டிரைவர் பக்கத்து ஸ்பீக்கர் பாடுகிறது, நான் உட்காரும் பக்கம் ஊமை. என் மேல் கோபம் என்றால் வாயால் சொல்லலாம், வயரால் சொல்ல வேண்டாம்.

"என் வண்டில எவனும் கை வைக்கக் கூடாது"ன்னு நேற்று கத்தினீர்கள். இருந்தாலும் எலக்ட்ரீஷியன் சைஃபை வரச் சொல்லியிருக்கிறேன். முறைக்காமல் கதவைத் திறங்கள்.

அல்போன்சா

பி.கு: குடை எடுக்க வண்டிக்குப் போனவள், ரேடியோவைக் கொஞ்சம் நோண்டினேன். சத்தத்தை இடம் வலம் பிரிக்கும் பேலன்ஸை முழுக்க உங்கள் பக்கமே திருப்பி வைத்திருக்கிறீர்கள்! நடுவில் வைத்தேன், என் பக்கமும் பாடியது. வயரிங்கில் ஒரு தப்பும் இல்லை, துரை. சைஃபை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, உங்கள் மானம் என் கையில்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப் போக வாருங்கள். பாட்டு நான்தான் வைப்பேன்.

இன்னொன்று: சாப்பாட்டு மேசையில் மூன்று ஸ்க்ரூ மிச்சம் கிடக்கிறது. எங்கிருந்து கழற்றினீர்களோ அங்கேயே மாட்டிவிட்டு வாருங்கள். அந்த வண்டியில் நானும் ஏற வேண்டும்.