மலர்க் கண்காட்சிக்கு ஒரு பூசணிக்காய்

7-ம் தேதி, சனி

பனி. முதல் பஸ். மடியில் என் வெள்ளைப் பூசணிக்காய், துண்டு சுற்றி. பக்கத்து சீட்டு அம்மா, "கொழந்த மூஞ்ச மூடாதம்மா, மூச்சு முட்டும்" என்றார். திறந்து காட்டினேன். பஸ்ஸே சிரித்தது.

புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. காய்கறிப் போட்டியும் உண்டு. நாளை காலை காயைக் கொடுக்க வேண்டும். ஊரில் ஒரே கேலி, "பூசணிக்காய்க்குப் பரிசா?" என்று. கொல்லையில் நானே போட்ட கொடி. எலிக்கும் ஆட்டுக்கும் காவல் இருந்து வளர்த்தேன். பரிசு வாங்காமல் ஊர் திரும்ப மாட்டேன்!

இதே ஊரில், சாரம் என்கிற பகுதியில் அக்கா வீடு. காயை மாடிப்படிக்கு அடியில் வைத்தாயிற்று. மாமா இல்லை. புது ஆட்டோ எடுக்கப் போயிருக்கிறார், சாயங்காலம் பூஜை.

அக்காவோடு பூங்கா. அடேயப்பா! நடு ஊரில் இவ்வளவு மரமா? நாலு பேர் கைகோர்த்தாலும் எட்டாத அடிமரம். கட்டிப் பிடித்தேன். "அடியே, பாக்கறாங்கடி!" என்று அக்கா. பார்க்கட்டும். குழந்தைகள் ரயில், பெரியவர்களை ஏற்றவில்லை. அநியாயம். மாங்காய்க் கீற்று, மிளகாய்த்தூள். இந்த ஊரிலேயே இருந்துவிடலாம்.

அதே நாள், இரவு

எழுதவே கை வரவில்லை.

திரும்பி வந்தோம். தெருமுனையில் கற்பூர வாசனை. மாலை போட்ட ஆட்டோ. அதன் முன்னால் ஒரு பூசணிக்காய், சிதறி, குங்குமமும் சில்லறையுமாக. மாமா பூரித்துப்போய் அக்காவைப் பார்த்தார்.

"சரியான காயி வாங்கியாந்திருக்க! பாறை மாரி. ரெண்டு தடவ போட்டப்பறந்தான் ஒடஞ்சுது!"

திருஷ்டிக்குக் காய் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாராம். அக்கா மறந்துவிட்டாள். போட்டி விஷயத்தையும் அவரிடம் சொல்லவில்லை. படிக்கு அடியில் இருந்தது, எடுத்துச் சுற்றிவிட்டார். ஓவென்று அழுதேன். சாப்பிடவில்லை. ரசம் நன்றாக இருந்ததாம், இருக்கட்டும்.

8-ம் தேதி, ஞாயிறு

கோபம் போகவில்லை. ஆனாலும் கண்காட்சியை விடுவேனா? மாமாவே புது ஆட்டோவில் கூட்டிப் போனார். டாலியா, சாமந்தி, தட்டு அகல ரோஜா! பூவாலேயே மயில் செய்திருக்கிறார்கள். பத்துத் தடவை சுற்றியிருப்பேன்.

பூசணி முதல் பரிசு: என்னுடையதைவிடச் சின்னது. வயிறு எரிந்தது. மாமாவும் பார்த்தார்.

மாலை. பையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திருஷ்டி கழித்த காயைத் தொட்டால் கழித்ததெல்லாம் தொட்டவர் தலையில் என்பார்கள். மாமா அதைத் தாண்டக்கூட மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார். இப்போது வாசலில் அக்காவின் கத்தல்: "ஐயய்யோ, அத்த ஏன் கையால எடுத்தீங்க? உள்ள வராதீங்க!"

மாமா படிக்கு வெளியே நிற்கிறார். கையெல்லாம் குங்குமம். உள்ளங்கையில் என் காயின் விதைகள்.

"எனக்கோ வண்டிக்கோ என்னா ஆனாலும் ஆவட்டும். இந்தாம்மா, புடி."